அடிக்குறிப்பில் அடைக்கப்பட்ட தூதர்

பிரெஞ்சுப் பிரபுக்குல உருவப்படக் கலை என்றதும் இந்தியக் கலை வரலாற்று வகுப்பறை வெர்சாய் அரண்மனைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொள்கிறது. பொய்முடி, பட்டு, சரிகை, மரி அந்துவானெத் என்று பாடம் முடிந்துவிடுகிறது. அக்கலையின் உச்சத்தில் இருந்த ஓவியர் ஒருவரின் முன் மைசூர் அரசின் தூதர் வாளேந்தி நின்றார் என்ற செய்தி அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறது. அந்த அடிக்குறிப்பும் பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதைதான்.

திப்பு சுல்தான் அனுப்பிய முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரும் 1787இல் புதுச்சேரியில் கப்பலேறினர். 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயில் 16ஆம் லூயியைச் சந்தித்து, ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கேட்டனர். ஆறே நாளில், ஆகஸ்ட் 16 அன்று, பிரெஞ்சுக் கருவூலம் பணம் வழங்குவதையே நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்தது. படைக்குப் பதிலாகக் கிடைத்தவை சில கைவினைஞர்களும் பீங்கான் பரிசுகளுமே.

அந்த நாள்களில்தான் அரசியின் ஓவியரான எலிசபெத் விழே லெ ப்ரன், தர்வேஷ் கானை ஏழடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள திரையில் தீட்டினார். தலை முதல் கால் வரை முழு உருவமும் நிமிர்ந்து நிற்பது ஐரோப்பிய மன்னர்களுக்கும் பெருங்குடியினருக்கும் உரிய நிலை. அது மைசூர்த் தூதருக்கு வழங்கப்பட்டது. அவர் அணிந்திருப்பது பொற்பூ வேலைப்பாடுள்ள வெள்ளை மஸ்லின். 1783இல் இதே ஓவியர் மரி அந்துவானெத்தை மஸ்லின் உடையில் தீட்டியபோது, அரசி உள்ளாடையில் காட்சியளிக்கிறார் என்று பாரிஸ் கொதித்தது. சலோன் கண்காட்சியிலிருந்து அப்படம் அகற்றப்பட்டது. தர்வேஷ் கானின் படமோ, பாஸ்தீய் சிறை வீழ்ந்த மறுமாதம் திறக்கப்பட்ட 1789 சலோனில் வைக்கப்பட்டது. அரசியின் மேனியில் அவமானமாகத் தோன்றிய துணி தூதரின் மேனியில் அரச கண்ணியமாக நின்றது. மஸ்லினை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவை இந்தியத் தறிகள். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காதவர் எதைப் பயில்கிறார்? ‘ஐரோப்பியக் கலை’, ‘இந்திய வரலாறு’ என்று பாடத்திட்டத்தைப் பிளந்து வைத்திருக்கும் துறைகளே இதற்கு விடை கூற வேண்டும்.

அடுத்து, அந்த வேடிக்கைக் கதை. படம் முடிந்ததும் தர்வேஷ் கான் அதைத் தம் படுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாராம். அதற்கு இன்னும் ஓர் உயிர் தேவை என்றாராம். பணியாள் துணையுடன் ஓவியர் அதை மீட்டதும் பணியாளைக் கொல்ல முனைந்தாராம். இவை அனைத்துக்கும் சான்று ஓவியரின் நினைவுக் குறிப்புகள். அவை வெளிவந்தது 1835-37இல். நிகழ்ச்சி முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின். திப்பு களத்தில் மாண்டு, அவரைக் கொடுங்கோலராக மட்டுமே காட்டிய ஆங்கிலேய நூல்கள் பரவிய பின். ஒற்றைச் சாட்சியத்தை இவ்வாறு ஏற்கக் கூடாது என்று முதலாண்டு மாணவருக்குக் கற்பிப்பவர்களே இக்கதையைக் கேள்வியின்றி ஒப்பிக்கின்றனர்.

கதை உண்மையென்றே கொண்டாலும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? உருவம் படைத்தவனிடம் இறுதித் தீர்ப்பு நாளில் அதற்கு உயிரூட்டுமாறு கேட்கப்படும் என்பது இஸ்லாமிய மரபு. தம் உருவம் யாருடைய உடைமை என்ற வினாவை ஒரு தூதர் தம் சமயமொழியில் எழுப்பினார். அதை மூடத்தனம் என்று சிரித்துக் கடப்பது ஆய்வாகாது.

சிவாஜிநகரில் இருந்து நோக்கும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 1799இல் திப்பு வீழ்ந்தார். 1809இல் பெங்களூர்ப் பாளையம் எழுந்தது. சென்னைப் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் வந்த தமிழர்கள் குடியேறிய பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். வெர்சாயில் மறுக்கப்பட்ட படையுதவிக்கும் இங்குள்ள தமிழ்த் தெருக்களுக்கும் இடையே இருப்பது ஒரு தலைமுறைக்கும் குறைவான இடைவெளி. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வட்டாரத்தின் மாணவருக்குத் தர்வேஷ் கான் அயலார் அல்லர்.

2019 ஜனவரியில் இப்படம் நியூயார்க் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. அதே ஆண்டு ஜூலையில் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தியை ரத்து செய்தது. சந்தை படத்துக்கு விலை வைத்தது. அரசியல் திப்புவை நாயகரா கொடியவரா என்ற இரு பெட்டிகளுள் அடைத்தது. குடகிலும் மலபாரிலும் அவர் படைகள் இழைத்த கொடுமைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரி அந்துவானெத்தின் படங்களைக் கற்பிப்பவரை எவரும் முடியாட்சியின் அடியார் என்று ஐயுறுவதில்லை. அந்த நியாயம் மைசூர்த் தூதருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

தேவை நினைவு விழாவும் அன்று, தடையும் அன்று. பிரெஞ்சு, பாரசீகம் ஆகிய இரண்டையும் கலை வரலாற்றின் ஆய்வு மொழிகளாக ஏற்கும் பாடத்திட்டம் தேவை. அது வரும்வரை, பாரிஸில் நிமிர்ந்து நின்ற தூதர் பெங்களூரின் வகுப்பறைகளில் அடிக்குறிப்புக்குள் குனிந்தே கிடப்பார்.