நீச்சற் குளங்களும் குழந்தைகளின் உயிரும்

கோடை வந்துவிட்டால் நகரங்களிலுள்ள நீச்சற் குளங்களில் குழந்தைகளின் கூட்டம் பெருகுகிறது. இது ஸந்தோஷிக்கத்தக்க விஷயமே. நீந்தக் கற்பது தேகத்துக்கு உறுதியும் மனத்துக்குத் தைரியமும் அளிப்பது; கிணறும் ஏரியும் ஆறும் உள்ள நம் நாட்டில் உயிருக்கே காவலாவது. ஆயினும், அந்த வித்தையைக் கற்கச் சென்ற இடத்திலேயே ஒரு குழந்தை உயிரிழக்குமாயின் அதைவிடக் கொடுமை வேறென்ன? 2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சற் குளத்தில் சிறுவன் ஒருவன் மூழ்கி இறந்தபோது நகரமே கலங்கிற்று. அதன் பின்னர் நீச்சற் குளங்களுக்கு லைஸென்ஸும் விதிகளும் ஏற்பட்டன. அது நல்லதே. ஆனால் விதிகள் காகிதத்தோடு நின்றுவிட்டால் குழந்தைகளுக்கு என்ன பயன்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ஆம் வருஷ முடிவில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இவர்களெல்லாரும் நீச்சற் குளங்களில் இறந்தவர்களல்லர். ஆனால் ஆற்றுக்கும் ஏரிக்கும் காவல் போடுவது கஷ்டம். நாலு சுவருக்குள் கட்டணம் வாங்கி நடத்தும் குளத்துக்கோ அது கஷ்டமேயன்று. ஆகையால் அங்கு நேரும் மரணத்துக்குச் சமாதானம் சொல்ல எவருக்கும் வழியில்லை.

இவ்விஷயத்தில் நம் ஜனங்களிடையே ஒரு பெருந்தவறான எண்ணம் இருந்து வருகிறது. முழுகுகிறவன் கை வீசிக் கூச்சலிடுவான். கூச்சல் கேட்டு ஓடிச் சென்று காப்பாற்றிவிடலாம் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. முழுகும் குழந்தைக்கு மூச்சு விடுவதற்கே வாய் போதாதிருக்கையில் சப்தம் எங்கிருந்து வரும்? கைகள் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றனவேயன்றி உதவிக்கு அசைவதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தலை நீருக்குள் போய்விடுகிறது. சில நிமிஷங்கள் பிராணவாயு இல்லாவிடில் மூளை கெடுகிறது. சுற்றிலும் பத்துப் பேர் சிரித்து விளையாடிக் கொண்டிருக்கும்போதே இது நடந்து முடிந்துவிடும்.

ஆகவே, காவல் என்பது காதால் செய்யும் வேலையன்று. கண்ணால் செய்யும் வேலை. குளக்கரையில் நிற்கும் காவலாளிக்கு நீரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்கலாகாது. ஒரே ஆள் சீட்டுக் கொடுக்கவும், நீச்சல் கற்பிக்கவும், சாமான்களைப் பார்த்துக் கொள்ளவும், இடையிடையே காவல் புரியவும் வேண்டுமென்றால், அந்தக் குளத்தில் காவலே இல்லையென்றுதான் கொள்ள வேண்டும். காவலாளிக்குத் தக்க பயிற்சியும், ஓய்வுக்கு மாற்றாளும் இருத்தல் அவசியம். நீரிலிருந்து எடுத்த குழந்தை மூச்சற்றிருந்தால், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் தலைகீழாகச் சுற்றுவதும் பொன்னான நேரத்தைப் பாழாக்குவனவாம். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பையும் அழுத்தி வரவேண்டும். இதை அறியாதவரைக் காவலுக்கு வைப்பது குற்றம்.

இனி, குளத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அடித்தரை தெளிவாய்த் தெரியாத கலங்கல் நீரில் எவரையும் இறங்கவிடலாகாது. அடியில் கிடக்கும் குழந்தையை அதில் யார் காண்பார்? ஆழம் எங்கெங்கு எவ்வளவு என்பது தமிழில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குளிக்கும் நேரம் முடிந்தபின் குழந்தைகள் தாமாகத் திறக்க முடியாத கதவும் நாற்புறமும் வேலியும் வேண்டும். நீரை உறிஞ்சும் குழாய்வாய்களுக்குத் தக்க மூடி வேண்டும். அவை குழந்தைகளைப் பிடித்து அடியிலேயே நிறுத்திவிடக் கூடியவை; அமெரிக்காவில் இதற்கெனவே 2007-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள்.

“குழந்தைகளைக் கவனிப்பது பெற்றோர் பொறுப்பு” என்று பலகை எழுதி மாட்டிவிட்டுச் சில நிர்வாகிகள் திருப்தியடைகின்றனர். பெற்றோருக்குப் பொறுப்பு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. சிறு குழந்தையுடன் தாமும் நீரில் இறங்கிக் கையெட்டும் தூரத்தில் நிற்பது அவர்கள் கடமை. டெலிபோனில் கண் வைத்துக்கொண்டு கரையில் உட்காருவது காவலாகாது. காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பி அப்பால் போவதும் தவறே. ஆனால் பெற்றோரின் கடமை நிர்வாகியின் கடமையை நீக்கிவிடாது. கட்டணம் வாங்குகிறவர் காவலுக்கும் கடமைப்பட்டவர்.

செலவு அதிகமாகும் என்பர் சிலர். காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க இயலாதவர் குளம் நடத்தாதிருப்பதே மேல். அபாயமாயின் குழந்தைகளை அனுப்பாமலே இருந்துவிடலாம் என்பர் வேறு சிலர். அதுவும் சரியன்று. கண்காணிப்பில் நீந்தக் கற்காத பிள்ளை பின்னர் கல்குட்டையிலும் கிணற்றிலும் தனியே இறங்குவான். அங்கே அவனைத் தூக்க யாருமிரார்.

ஆதலின் நாம் கோருவது இதுதான். நகரசபைகளும் ஸர்க்காரும் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தங்கள் குளங்களையும் தனியார் குளங்களையும் முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்க வேண்டும். காவலாளி இல்லாத குளத்தை அன்றே மூடவேண்டும். பரிசோதனையின் முடிவைக் குளத்தின் வாயிலிலேயே ஒட்டவேண்டும். பெற்றோரும் சீட்டு வாங்குமுன் “காவலாளி எங்கே?” என்று கேட்கப் பழகவேண்டும். திருப்தியான பதில் கிடைக்காவிடில் குழந்தையை அழைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு கேள்வியை ஜனங்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், அதிகாரிகள் வருமுன்பே குளங்கள் சீர்ப்படும்.