பட்டமும் விமானம் ஏறட்டும்

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனேன். கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். தமிழ்நாடு அரசு 1984இல் பெண்களுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கி போட்டுக்கொண்டு, வைத்த பூ கலையாமல், போட்டோவுக்கு நின்ற பிள்ளைகளைப் பார்க்கக் கண் நிறைந்துவிட்டது. எப்போதும் மடித்துக் கட்டும் வேட்டியை அன்றைக்கு மட்டும் இறக்கி விட்டிருந்த அப்பாக்களையும் பார்த்தேன்.

மலை இறங்கும்போது வண்டியில் அவள் கேட்டாள்: "சித்தி, அந்த அமெரிக்கா வரன் வந்திருக்குல்ல, அங்க போனா நான் வேலைக்குப் போகலாமா?"

அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாதகம் பார்த்தாச்சு. மாப்பிள்ளையின் சம்பளம், வீடு சொந்தமா வாடகையா என்பது வரை விசாரிச்சாச்சு. இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை எச்-1பி விசாவில் இருக்கிறார். மனைவியாகப் போகிறவளுக்குக் கிடைப்பது எச்-4. அதை வைத்துக்கொண்டு நினைத்தவுடன் வேலைக்குப் போக முடியாது. 2015இலிருந்து எச்-4 மனைவிமார் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும். அது ஆகாத வரை எம்.எஸ்சி. முடித்தவளும் வீட்டில்தான் இருக்கணும்.

அமெரிக்காவில் மட்டும் இப்படி இல்லை. சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர்கள் முன்பு ஓர் ஒப்புதல் கடிதத்தோடு வேலை பார்க்க முடிந்தது. 2021 மே முதல் அவர்களில் பெரும்பாலோர் தனியாக வேலை பாஸ் வாங்கியாக வேண்டும். சம்பளமும் தகுதியும் பொருந்தினால்தான் அது கிடைக்கும்.

இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை 1916இல் புனேயில் தொடங்கியவர் கார்வே. கைம்பெண்ணை மணந்ததற்காக ஊரின் ஏச்சையும் ஒதுக்கலையும் வாங்கிக்கொண்ட மனிதர். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 1921இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் ஐந்தே பெண்கள். இன்று நிலைமை எங்கேயோ போய்விட்டது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி பெண்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் அது 47. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து நடக்கிறது.

ஆக, படிக்கவிடாமல் தடுத்த கதவு பெரிதும் திறந்துவிட்டது. அடுத்த கதவு எங்கே இருக்கிறது? வெளிநாட்டு வரன்களைப் பொறுத்தவரை அது நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது என்பேன். "பொண்ணு நல்லா படிச்சிருக்கணும், வேலைக்குப் போகணும்னு இல்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்கள் நாம்தானே? அந்தப் பேச்சில் பட்டம் என்பது நகை மாதிரி. கல்யாணத்தன்று போட்டுக்காட்டிவிட்டு லாக்கரில் வைத்துவிடலாம்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் பட்டமளிப்பு விழா நடப்பதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் முடிந்து கனடா வந்துவிட்டேன். கையில் இருந்தது தற்காலிகச் சான்றிதழ் மட்டும். இங்கே படிப்பை மதிப்பீடு செய்யக் கொடுத்தபோது அசல் பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். போதாக்குறைக்குச் சான்றிதழில் இனிஷியலோடு என் பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு என் பெயர். இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஊரில் அண்ணன் அலையாத இடமில்லை. எல்லாம் சரியாக இரண்டு வருஷம் ஆனது. வேதியியல் படித்த நான் அதுவரை மளிகைக் கடையில் காய்கறி அடுக்கினேன். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. அதற்குத்தான் படித்தேனா என்பதுதான் கேள்வி.

வீட்டில் இருந்து பிள்ளை வளர்ப்பது வேலை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். வேலைதான், பெரிய வேலை. ஆனால் அதை அவளாக எடுத்துக்கொள்வது வேறு. விசா எடுக்க வைப்பது வேறு.

அதனால் பெண் வீட்டாருக்கு ஒன்று சொல்வேன். சம்பளம் கேட்கும்போதே விசாவையும் கேளுங்கள். "எங்க பொண்ணு வந்தா எந்த விசா, எப்போதிலிருந்து வேலை பார்க்கலாம்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. பிள்ளைகளே, விமானம் ஏறும் முன் அசல் பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் பட்டமளிப்பு விழா முடிந்த பிறகு முகூர்த்தம் குறியுங்கள். முகூர்த்தம் மறுபடியும் வரும், அந்த மேடை ஒரு தடவைதான்.

மாப்பிள்ளை வீட்டாராக இருக்கும் நமக்கும் பொறுப்பு உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த நம் மகளை வேலைக்குப் போகாதே என்று சொல்ல நமக்கு வாய் வருமா? ஊரிலிருந்து வரும் மருமகளுக்கு மட்டும் என்ன வேறு நியாயம்? கேட்காவிட்டாலும் விசா நிலவரத்தை நாமே முதலில் சொல்லிவிடுவதுதான் அழகு.

அக்கா வீட்டுக் கதைக்கு வருகிறேன். அத்தான் தயங்கித் தயங்கிப் போன் போட்டுக் கேட்டார். ஐ-140 இன்னும் ஆகவில்லை என்று அந்தப் பையன் மறைக்காமல் சொன்னான். அதுவே எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப அது ஆகுற வரைக்கும் நான் சென்னையில வேலை பார்க்கிறேன். அதுக்குச் சம்மதம்னா மேற்கொண்டு பேசலாம்" என்று எங்கள் பெண் சொல்லிவிட்டாள்.

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக யோசிக்கட்டும். இவள் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.