வாங்கும்போது இருந்ததே போதுமா?

தோட்டத்துப் பாட்டாளித் தோழர்களே! பால் வெட்டப் போகிற எவரும் அடுத்தவர் நீட்டிய கத்தியை அப்படியே வாங்கிக்கொண்டு நிரைக்குப் போவதில்லை. கைக்கு அடங்குகிறதா, கூர் நிற்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்போம். ஆனால் கைப்பேசி விஷயத்தில் நாம் எப்படி? கடைக்காரர் கொடுத்தது கொடுத்தபடியே! இணையப் பக்கங்களைத் திறக்கும் 'உலாவி'யை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. "அதான் குரோம் இருக்கே, போதும்ணே!" என்று சொல்லிவிடுகிறோம்.

போதுமா என்று சற்றே சிந்திப்போம். நம்மில் பெரும்பாலோர் முன்கட்டணம் கட்டி டேட்டா வாங்குகிறவர்கள். லயத்தில் கம்பி தெரியாமல் கோயில் மேட்டில் நின்று பக்கம் திறக்கக் காத்திருப்பவர்களும் உண்டு. ஒரு பக்கத்தில் உள்ள எழுத்து மிகக் குறைந்த டேட்டாவைத்தான் எடுக்கும். படங்களும், தானாக ஓடும் விளம்பரங்களும்தான் விழுங்கித் தீர்க்கின்றன. நாம் கேட்காத விளம்பரத்துக்கு நம் கூலிக்காசு ஏன் போக வேண்டும்? குரோமிலும் முன்பு டேட்டாவை மிச்சப்படுத்தும் வசதி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

வேறு வழி இல்லாமலில்லை. ஓப்பரா மினி என்ற உலாவி 2005-இல், பொத்தான் வைத்த சின்னக் கைப்பேசிகளுக்காக வந்தது. பக்கத்தைத் தன் கணினிகளில் சுருக்கி நமக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. விளம்பரத்தைத் தடுக்கும் வசதியும் அதிலேயே உண்டு. ஃபயர்பாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற தடுப்பானைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலான விளம்பரங்கள் வராது. இவை எல்லாமே இலவசம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஓப்பரா மினியின் மிகச் சிக்கன முறையில் நாம் பார்க்கும் பக்கம் நடுவில் இன்னொருவர் கணினியில் திறக்கப்பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. செய்தி படிக்க அது போதும். வங்கிக் கணக்கும் ஊழியர் சேமநிதியும் பார்க்க அது வேண்டாம்! அந்தக் காரியங்களுக்கு நேராகப் பேசும் குரோமையோ ஃபயர்பாக்ஸையோ வைத்துக்கொள்வோம். படிக்க ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் தவறில்லை.

பழைய கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 2025 ஆகஸ்டு முதல் வந்த புதிய குரோம், ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே உள்ள கைப்பேசிகளுக்குக் கிடைப்பதில்லை. புதுப்பிக்கப்படாத உலாவி ஓட்டை விழுந்த கூரை மாதிரி. திருடனுக்கு அதுவே வழி. அப்படிப்பட்ட கைப்பேசிக்கு இன்னும் புதுப்பிப்பு வருகிற உலாவி எது என்று பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எதைப் போட்டாலும் பிளே ஸ்டோரிலிருந்தே போடுங்கள். உதவித்தொகை வருகிறது, இதைத் தட்டுங்கள் என்று வாட்சப்பில் வரும் கோப்பைத் தட்டித்தான் பலர் சேமிப்பை இழக்கிறார்கள். "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று தெரியாத பக்கம் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல், உடனே 997-க்கு அழையுங்கள்.

படித்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் அப்பா, அம்மா, பாட்டி கைப்பேசியை வாங்கிப் பாருங்கள். நல்ல உலாவியைப் போட்டு, செட்டிங்ஸில் அதையே முதன்மையாக மாற்றிக் கொடுங்கள். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள்! விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்து சேர்த்த காசு அது. அதைக் காப்பது நம் அனைவரின் கடமையல்லவா?