வேலி மேய்ந்த பயிர்

நாட்டின் பாதுகாப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடன் நாம் எழுந்து நின்றுவிடுகிறோம்; நிற்பதோடு வாயையும் மூடிக்கொள்கிறோம். பங்குத் திருவிழாக் கணக்கில் நூறு ரூபாய் உதைத்தால் விடிய விடிய விவாதிக்கும் நாம், போர் விமானம் வாங்கக் கோடிகள் போகும்போது, 'அது பெரிய இடத்து விவகாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இந்த மௌனத்திற்கு நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அது நாட்டுப்பற்று அன்று, கள்வருக்கு நாமே திறந்து வைக்கும் கதவு என்பதே நம் வாதம். சான்றாகத் தொலைவிலுள்ள ஒரு கத்தோலிக்க நாட்டைப் பார்ப்போம்.

கரீபியன் கடலில் ஒரே தீவை இரு நாடுகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மேற்கே ஹைத்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. தெற்கே வெனிசுவேலாவின் பக்கமிருந்து சிறு விமானங்கள் வந்து, போதைப்பொருள் மூட்டைகளை அத்தீவில் போட்டுச் செல்வது வழக்கமாயிற்று. அவற்றைத் துரத்தவும் எல்லையைச் சுற்றிக் காவல் புரியவும், டொமினிக்கன் விமானப்படை பிரேசில் நாட்டின் எம்பிரேயர் நிறுவனத்திடம் எட்டு 'சூப்பர் துக்கானோ' விமானங்களை வாங்கியது. விலை ஏறத்தாழ 9 கோடியே 20 இலட்சம் டாலர். ஒற்றைச் சுழலியும் இரண்டு இருக்கைகளும் கொண்டது அவ்விமானம். அதன் இறக்கைகளுக்குள் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் உள்ளன. ஜெட் விமானத்தைப் போல் சீறிப் பாயாமல், கள்ளக் கடத்தல்காரனின் சிறு விமானத்தை நிதானமாகப் பின்தொடர வல்லது. முதல் விமானங்கள் 2009 டிசம்பரில் வந்து இறங்கின.

தேவை பொய்யானதன்று; அதை முதலில் ஒப்புக்கொள்வோம். அவ்விமானங்கள் வந்தபின் அந்நாட்டு வானில் கள்ள விமானங்களின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. கடத்தல்காரர்கள் விரைவுப் படகுகளில் கடல்வழியை நாடினார்கள் என்பது வேறு செய்தி. காவலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவலின் பெயரால் என்ன நடந்தது என்றே கேட்கிறோம்.

2016 அக்டோபரில் உண்மை வெளிவந்தது. இந்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக டொமினிக்கன் குடியரசின் செல்வாக்குள்ள அரசு அதிகாரி ஒருவருக்கு 35 இலட்சத்து 20 ஆயிரம் டாலர் கையூட்டாகக் கொடுக்கப்பட்டதை எம்பிரேயர் ஒப்புக்கொண்டது. பல நாடுகளில் நடந்த இத்தகைய முறைகேடுகளுக்காக 20 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உடன்பட்டது. இதை வெளிக்கொணர்ந்தது யார்? விமானம் வாங்க இசைவு தந்த நாட்டின் மக்கள் மன்றமா? இல்லை. எம்பிரேயரின் பங்குகள் நியூயார்க் சந்தையில் விற்கப்பட்டதால் அமெரிக்கச் சட்டம் குறுக்கிட்டது, அதனால் வெளிவந்தது. வீட்டுக்காரன் உறங்க, அயல் வீட்டுக்காரன் திருடனைப் பிடித்த கதை இது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்கச் சொல்கிறோம். ஒப்பந்தத் தொகையில் அந்தக் கையூட்டு ஏறத்தாழ 4 விழுக்காடு. அதே நாட்டில் 1997ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 4 விழுக்காட்டைப் பள்ளிக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆண்டுகள் உருண்டன, சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. விமான ஒப்பந்தம் கையெழுத்தான நாட்களிலும் அது நிறைவேறவில்லை. 2010 முதல் ஆசிரியரும் பெற்றோரும் இளைஞரும் மஞ்சள் நிறத்தை அடையாளமாகக் கொண்டு வீதிக்கு வந்து போராடிய பின்னரே, 2013ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தொகை ஒதுக்கப்பட்டது. கையூட்டின் 4 விழுக்காட்டை எவரும் கேட்டுப் போராட வேண்டியிருக்கவில்லை. அது ஓசையின்றிப் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளின் 4 விழுக்காட்டுக்கோ பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தீவுக்குக் கேள்வி கேட்கும் மரபு புதிதன்று. 1511ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில், சாந்தோ தொமிங்கோ நகரில், அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி மறையுரை மேடையேறி, மண்ணின் மைந்தர்களை அடிமைகளாய் வதைத்த ஸ்பானிய ஆண்டைகளை நேருக்கு நேர் வினவினார். அம்மக்களும் மனிதர்கள் அல்லரோ என்று கேட்டார். ஆளுநர் முதலானோர் கொதித்தெழுந்து, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமென்று வற்புறுத்தினர். அடுத்த ஞாயிறன்று அவர் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அரசின் பாதுகாப்பு, மன்னரின் நலன் என்றெல்லாம் அன்றும் வாயடைக்கப் பார்த்தார்கள். திருச்சபையின் பெருமை அந்த இரண்டாம் ஞாயிற்றில் இருக்கிறது.

'இது எங்கோ நடந்தது, நமக்கென்ன?' என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. அதே நிறுவனம், அதே ஒப்புதலில், இந்தியாவின் பெயரையும் குறிப்பிட்டது. நம் விமானப்படைக்காக மூன்று விமானங்களை ஏறத்தாழ 20 கோடியே 80 இலட்சம் டாலருக்கு விற்ற ஒப்பந்தத்தின் தொடர்பில், தரகர் ஒருவருக்கு 57 இலட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்ததாக அது ஏற்றுக்கொண்டது. 2016இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. அங்கும் இங்கும் மருந்தில்லாத மருத்துவமனைகளும் கூரையில்லாத பள்ளிகளும் உள்ளன. அங்கும் இங்கும் தரகருக்குக் குறைவில்லை.

'இராணுவ இரகசியங்களைக் கேட்கலாமா?' என்பார்கள். கேட்கக்கூடாததும் உண்டு: எந்த விமானம் எங்கே நிற்கிறது, எந்த இரவில் எந்தத் திசையில் பறக்கும் என்பவை இரகசியமாகவே இருக்கட்டும். ஆனால் விலை என்ன, போட்டி விலை கோரப்பட்டதா, நடுவில் நின்றவர் யார், அவருக்குப் போனது எவ்வளவு என்பவை எந்தப் பகைவனுக்கும் உதவாத செய்திகள்; அவற்றை மறைப்பதால் பயன் பெறுபவன் உள்நாட்டுக் கள்வனே. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறியும். உளவுத்துறை, பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றுக்கு விலக்களித்த அச்சட்டம், ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்றே கூறுகிறது.

1964 டிசம்பரில் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், படைக்கலச் செலவில் ஒரு பகுதியையேனும் ஏழை நாடுகளின் துயர் துடைக்கத் தர வேண்டுமென்று உலகைக் கேட்டுக்கொண்டார். உலகம் அதைக் கைதட்டிக் கேட்டு, மறந்தும் போயிற்று. அவர் கேட்ட அந்தப் பகுதி ஒருபுறம் இருக்கட்டும். தரகர் கைக்குப் போகும் பகுதியையாவது மீட்க வேண்டாமா?

எனவே பொதுநிலையினராகிய உங்களிடம் உரிமையோடு சொல்கிறோம். கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன; பாதுகாப்புத் துறை பற்றியவையும் அவற்றில் உண்டு. உங்களில் படித்தவர்கள் அவற்றைப் படியுங்கள்; அன்பியக் கூட்டத்தில் மற்றவர்க்கு எடுத்துச் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள். 'நாட்டுக்கு எதிராகப் பேசுகிறீர்கள்' என்று எவரேனும் அதட்டினால் அஞ்ச வேண்டாம். அடுத்த ஞாயிறும் அதையே கேளுங்கள்.