தாத்தாவுக்கு யார் சொல்வது?

கடந்த தீபாவளிக்குப் பகாவ் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்திற்குத் திரும்பினேன். தாத்தாவின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. இனிப்பு நீரால் வந்த புண் ஆறாமல் போகவே, மருத்துவமனையில் எடுத்துவிட்டார்களாம். தேர்வு நேரம் என்று எனக்குச் சொல்லவில்லை.

நடந்ததைப் பாட்டி சொன்னார். தெரிந்தவர் ஒருவர் 'ஸ்டெம் செல்' பொடி கொண்டு வந்திருக்கிறார். தண்ணீரில் கலக்கிக் குடித்தால் கணையம் புதிதாக வளரும், புண் ஆறும், மருந்தே வேண்டாம் என்றாராம். ஒரு பெட்டி 380 வெள்ளி. தாத்தா மூன்று மாதம் அதைக் குடித்தார்; கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

வாசகர்களே, நான் உயிர்மருத்துவ அறிவியல் மாணவி. இதே ஸ்டெம் செல்லைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்துத் தேர்வு எழுதியவள். ஆனால், அதைப் பற்றித் தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்தத் தமிழ் நின்றுவிட்டது. 'குருத்தணு' என்ற சொல்லையே இக்கட்டுரைக்காகத்தான் தேடிப் பிடித்தேன்.

குருத்தணு என்பது தன்னைப் போலவே பெருகவும், வேறு வகை அணுவாக மாறவும் வல்ல உயிரணு. நம் எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களே இரத்த அணுக்களை உண்டாக்குகின்றன. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-இலேயே தொடங்கிவிட்டது. ஆக, இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இது மெய்யான மருத்துவம். ஆனால், அங்கே உயிருள்ள அணுக்களை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். பொடியில் அணு உயிரோடு இருக்காது. இருந்தாலும் இரைப்பை அதைச் சோறு போலச் செரித்துவிடும்.

உண்மையான ஆய்வாளர் எப்படிப் பேசுவார் தெரியுமா? புத்ரா பல்கலைக்கழகத்தின் ராஜேஷ் ராமசாமி, லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒருவகைக் குருத்தணு, ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. அதே அணுவைப் புற்றணுவோடு சேர்த்து எலிக்குள் செலுத்தியபோதோ கட்டி விரைவாக வளர்ந்தது! அவர்கள் இரண்டு முடிவையும் மறைக்காமல் எழுதினார்கள். பொடி விற்றவர் ஒரு பக்கத்தை மட்டுமே சொன்னார்.

இதெல்லாம் தோட்டத்து மக்களுக்குப் புரியாது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றிரவு தாத்தாவிடம் பால் மரத்தை வைத்துப் பேசிப் பார்த்தேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. மரத்தின் குருத்தணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர்கிறது என்றேன். முப்பது ஆண்டு மரம் வெட்டியவருக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அதனாலதான் கத்தி கட்டையில பட்டா கங்காணி திட்டுவாரு" என்றார். சற்று நேரம் கழித்து, "பட்டை வளரவே ஏழெட்டு வருஷம் ஆகும்மா. மூணு மாசத்துல கணையம் வளரும்னு சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

தோன்றியிருக்கும், யாராவது முன்பே அவர் மொழியில் சொல்லியிருந்தால். தமிழில் பேசத் தெரிந்த ஒருவர் அவர் வீட்டிற்கு வந்தார். அவர் விற்க வந்தவர். தமிழில் பேசத் தெரிந்த இன்னொருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். அவள் வாய் திறக்கவில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. பொடி விற்பவருக்கு இது எவ்வளவு பெரிய சந்தை என்று ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள்.

நம் கழகங்கள் ஆண்டுதோறும் தோட்டங்களுக்குப் போய்ப் பொங்கல் வைக்கின்றன, மாணவர்களுக்கு முகாம் நடத்துகின்றன. நல்ல பணிதான். அதே பயணத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கோவில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஒதுக்குவோம். மருத்துவம், மருந்தியல், உயிரியல் படிப்பவர்கள் தாங்கள் படித்ததைத் தமிழில் சொல்லட்டும். கேள்வி கேட்கவும் விடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்வது மருத்துவரா, விற்பவரா என்ற ஒரு கேள்வியை அவர்கள் மனத்தில் பதித்துவிட்டு வந்தாலே போதும்.

மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். அந்தத் தமிழ் ஒருவரின் கால் விரலைக் காப்பாற்றவும் உதவட்டுமே!