மன்றக் கூட்டத்துக்கு வாருங்கள்

ஜொகூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருக்கும் சிலர் ஒன்றுகூடி, மாநிலத்தின் சக குடிமக்களுக்கு இந்த வேண்டுகோளை விடுக்கிறார்கள்.

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேல்மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் குழாய் விரிசல் விட்டிருக்கும். சுவரெல்லாம் பாசி. கீழே தேங்கிய கழிவுநீரைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். வேலிக்குள் இருக்கும் பொதுக் குழாய் நிர்வாகக் குழுவின் பொறுப்பு என்கிறது 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம். குழுவிடமோ பணமில்லை; மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் பல. வேலிக்கு வெளியே உள்ள கால்வாய் ஊராட்சி மன்றத்துடையது. குப்பை லாரி, 2011 முதல் நடப்பில் உள்ள 672-ஆம் சட்டமான திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தின்கீழ், கூட்டரசு அமர்த்திய குத்தகை நிறுவனத்துடையது. இத்தனை பேர் இருந்தும், வட்டாரத்தில் நின்று பதில் சொல்ல ஒருவர் இல்லை.

முன்பு இருந்தார். மக்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மோதல் 1966-லேயே ஓய்ந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை. நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையேற்ற அரச விசாரணை ஆணையம், மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்றே 1968-இல் பரிந்துரைத்தது. ஜொகூர்த் தமிழர்கள் பெருமையோடு நினைவில் வைக்கவேண்டிய அறிக்கை அது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒதுக்கிவிட்டு, உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்றது. பினாங்கு மாநில அரசு தேர்தல் கேட்டு வழக்காடி 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

நியமன உறுப்பினர்களிலும் உழைப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அடுத்த தவணையைத் தருவது ஐந்தாவது மாடியில் குடியிருப்பவர் அல்ல. ஏழைக் குடியிருப்பின் சாக்கடை எப்போதும் பட்டியலின் அடியில் கிடப்பதற்கு இது பெரிய காரணம்.

அதே 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மன்றம் தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய, அதன் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம். ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி கட்டும் தரைவீட்டுக்காரர்களும் உடன் வரவேண்டும் என்பதே குடியிருப்பாளர்களின் முதல் வேண்டுகோள். உங்கள் வட்டார உறுப்பினரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த மாநிலத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகளை வையுங்கள்: மலிவு விலை வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களைச் சீர்செய்ய மாநில நிதி ஒதுக்குவீர்களா? ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர சட்டமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.