தலையாட்டிப் படகு

என் மனைவியின் அண்ணன் மகன் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை பார்க்கிறான். கதவு, தண்ணீர்த் தொட்டி, குப்பைக்கூடை எல்லாம் செய்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். காபி குடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான்.

"மாமா, இருபதடி பாய்மரப் படகு. நானே பண்ணப் போறேன். உள்ளே கேபின், ரெண்டு படுக்கை, ஸ்டவ். கரையோரமா காரைக்கால் வரைக்கும் போய்ட்டு வரலாம். ஒன்றரை லட்சம் குடுத்தீங்கன்னா போதும்."

சேதராப்பட்டிலிருந்து கடல் பத்து கிலோமீட்டருக்கு மேல். அதை நான் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

"அமெரிக்காவுல பியர்சன்னு ரெண்டு பங்காளிங்க இப்படித்தான் ஆரம்பிச்சாங்க" என்றான்.

வாஸ்தவம். 1959-ல் நியூயார்க் கண்காட்சிக்கு அவர்கள் கொண்டுபோன 'ட்ரைட்டன்' என்ற 28 அடி ஃபைபர் படகு பிய்த்துக்கொண்டு போனது. ஃபைபரில் அதுதான் சௌகரியம். அச்சு ஒன்று செய்துவிட்டால் இட்லித் தட்டு மாதிரி எடுத்துக்கொண்டே இருக்கலாம். அவர்கள் எழுநூறுக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் படம் போட்டவர் கார்ல் ஆல்பர்க் என்ற டிசைனர். பங்காளிகள் அதைத் தாங்களே போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து பட்டறைக்கே போனேன். பெயிண்டும் நெயில் பாலிஷும் சண்டை போட்ட மாதிரி ஒரு வாசனை. பையன் கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. அச்சில் மெழுகு தடவி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி இழை மேட்டைப் பரப்பி, ரெசினை ஊற்றி, ரோலரால் ஒரு காற்றுக் குமிழ் விடாமல் விரட்டுகிறான். இங்கே சோம்பல்பட்டால் தண்ணீர் மெல்ல ஊறி, சில வருஷத்தில் படகுக்கு அம்மை போட்ட மாதிரி கொப்புளம் வரும்.

"சுவர் எவ்வளவு தடிமன் வைக்கப் போறே?"

"பலமா வேணும்னா இன்னும் நாலு மேட் போட்டாப் போச்சு."

போச்சுதான், எடை ஏறிப் போச்சு! அட்டைப்பெட்டியைப் பாருங்கள். இரண்டு மெல்லிய காகிதம், நடுவில் நெளிநெளியாக வெறும் காற்று. ஒற்றைக் காகிதத்தைவிட எத்தனை விறைப்பு! தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே லேசான மரத்தையோ நுரைப் பலகையையோ வைத்து சாண்ட்விச் செய்கிறார்கள்.

கோவாவில் திவார் தீவில் கட்டி, 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த 'தாரிணி' அப்படிப்பட்டவள்தான். நடுவில் மரம், இரு பக்கமும் ஃபைபர். 56 அடி நீளம், 23 டன். படம் போட்டது ஹாலந்தின் வான் டி ஸ்டாட் நிறுவனம். 2024 அக்டோபர் 2-ல் அதில் இரண்டே பேர் கிளம்பினார்கள், இரண்டு பேரும் பெண்கள். கோழிக்கோடு தில்னா, நம்ம புதுச்சேரி ரூபா. கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு உலகத்தையே வலம் வந்து, 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள்.

"பாத்தீங்களா! நம்ம ஊர்க்காரங்க!" என்றான் பையன், பாதி ஜெயித்துவிட்ட முகத்தோடு.

"அந்தப் படகுக்கு அடியிலே கீல் இருக்கு மாப்ளே. உன் படத்துல எங்கே?"

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படுக்கை இருந்தது. ஸ்டவ் இருந்தது. பிளாஸ்க் வைக்க ஒரு அலமாரிகூட இருந்தது.

"கட்டுமரத்துக்கு மட்டும் கீல் இருக்கா மாமா?"

நல்ல கேள்வி, எனக்கே இரண்டு நிமிஷம் ஆனது. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது, தண்ணீர் ரொம்புவதற்கு. கவிழ்ந்தால் மீனவர் நீந்தி வந்து புரட்டிப் போட்டு ஏறிக்கொள்வார். கேபின் வைத்த படகு கவிழ்ந்தால் நீ உள்ளே, ஸ்டவ் உன் தலைமேல். அது தானே எழுந்தாக வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எழுவது எதனால்? அடியில் கனம். கடலில் ஊர் சுற்றும் படகுக்கு மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஈயமோ வார்ப்பிரும்போ, தண்ணீருக்கடியில் தொங்கும். அது காற்றில் படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் கீல் ஆழமாக ஆக, நம் மணல் கரையில் படகை ஏற்ற முடியாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குள் போகலாம் என்றால் முகத்துவாரத்தில் மணல் மேடு. ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும். இதற்குத்தான் டிசைனருக்குச் சம்பளம்.

பையன் பேசவில்லை. மூன்று நாள் கழித்து போன்.

"மாமா, வாங்க!"

இரண்டடி நீளத்துக்கு ஒரு பொம்மைப் படகு செய்திருந்தான். கேபினோடு, பாய்மரத்தோடு. பட்டறையில் விற்பனைக்கு நின்ற தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டு, மரத்தை விரலால் தண்ணீர் வரைக்கும் சாய்த்தான். பொத்தென்று படுத்தது, படுத்தபடியே கிடந்தது. எடுத்துத் துடைத்து, அடியில் தகடு ஒன்று பொருத்தி, அதன் நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கட்டினான். மறுபடி சாய்த்தான். விரலை எடுத்ததும் விருட்டென்று நிமிர்ந்து, இப்படியும் அப்படியும் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

"நெஜப் படகு ஒரு டன்னுன்னா, ஈயம் முன்னூத்தம்பது கிலோ மாமா" என்றபடி செல்போனில் விலை தேடினான். "இன்னும் ஒரு எழுபதாயிரம் ஆவும். அத்தைகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"